வராத ஆபத்து நீங்கியது

அத்தியாயம் 6

ஆபத்து நீங்கிவிட்டது என்று அறிவித்த பிறகுதான் அந்தக் கல்லூரியில் ஆட்களுக்கு அடிபட ஆரம்பித்தது.

காலை வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலர்கள், தோட்டக்காரர் என்று எல்லோருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் சிணுங்கியது.

‘கல்லூரி அறிவிப்பு: ஆபத்து நீங்கியது. வழக்கமான பணிகளைத் தொடரலாம். இனிச் செய்திகள் தேவையில்லை எனில் வேண்டாம் எனப் பதில் அனுப்பவும்.’

அதற்கு முன்னால் எந்த ஆபத்தும் அறிவிக்கப்படவில்லை.

ஆபத்து என்று சொன்னால் மனிதன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். நீங்கிவிட்டது என்று சொன்னால், இவ்வளவு நேரம் எதற்குள் உட்கார்ந்திருந்தோம் என்று யோசித்து ஓடுவான். வேதியியல் ஆய்வகத்தில் வாயு கசிந்ததாகத் தாங்களே முடிவு செய்து ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். தரைத்தளம்தான். செடிகளுக்குச் சேதம். உணவகத்தில் இருந்தவர்கள் சாப்பாட்டில்தான் ஏதோ என்று தொண்டைக்குள் விரல் விட்டார்கள். விலங்கியல் துறையில் யாரோ பாம்பு என்று கத்தினார்கள். அந்தத் துறையின் ஒரே பாம்பு கண்ணாடிக் குடுவைக்குள் வருஷக்கணக்காக ஊறிக்கொண்டிருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லோரும் ஒரே கேட்டை நோக்கி ஓடியதில் கேட் சாய்ந்தது, கால்கள் சுளுக்கின, ஒருவருக்கு முன்பல் போனது. மேஜைக்கு அடியில் நுழைந்த நூலகர் மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார்.

மதியத்துக்குள் குற்றவாளி கிடைத்துவிட்டார். செய்தி அனுப்பும் கணினிக்கு ஒருவரிடம்தான் கடவுச்சொல் இருந்தது. கல்லூரியில் அவரை மெசேஜ் மேடம் என்பார்கள். மூன்று மணிக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடும். கூடி முடித்தால் அவருக்கு வேலை இருக்காது.

செய்யாத தப்புக்கு வேலை போவதில் விசேஷம் ஒன்றுமில்லை. தினமும் யாருக்காவது போகிறது. ஆனால் இவர் அண்ணியைக் கூப்பிட்டுவிட்டார்.

அண்ணி என்பது துப்பறிகிறவளின் பெயரல்ல. உதவியாளன் அவள் கணவனின் தம்பி. வேலை நேரத்திலும் அண்ணி என்றுதான் கூப்பிடுவான். கேட்டுக் கேட்டு வாடிக்கையாளர்களும் அண்ணி என்றார்கள், காவல் நிலையத்திலும் அண்ணி என்றார்கள், போன மாதம் கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன்கூட, “விட்டுடுங்க அண்ணி” என்றுதான் கெஞ்சினான்.

கொழுந்தன் இந்தக் கல்லூரியில் படித்தவன். பாதி படித்தவன். பிறகு ராத்திரி வேலை ஒன்றுக்குப் போய் அதையும் பாதியில் விட்டவன். பாதியில் விடாமல் அவன் செய்துவருவது அண்ணியைக் கிண்டல் செய்வது மட்டும்தான்.

மாடிப்படிக்குக் கீழே, நின்றால் தலை இடிக்கும் அறை. ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு நாற்காலி. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் மெசேஜ் மேடம் குனிந்து நின்றார். கொழுந்தன் இன்னும் குனிந்து நின்றான்.

“இதை நீங்க அனுப்பலை” என்றாள் அண்ணி.

“சத்தியமா இல்லைங்க.”

“நான் கேக்கலை. சொல்றேன். இதுல உங்க கை படவே இல்லை.”

“அதை மூணு மணிக்கு அவங்ககிட்ட சொல்லுங்க அண்ணி.” மேடத்தின் குரல் உடைந்தது. “எனக்கு வேலை போனாக்கூடப் பரவாயில்லை. என் பொண்ணு இங்க ரெண்டாவது வருஷம் படிக்கறா. ஊழியர் பிள்ளைன்னுதான் இடம் குடுத்தாங்க. நான் வெளியே போனா மறுநாளே அவளையும் அனுப்பிடுவாங்க. காலையில அவதான் முதல்ல போன் பண்ணா. என்ன ஆபத்தும்மா, என்கிட்டயாவது சொல்லுன்னா. தெரியாதுடின்னேன். நம்பலை. போனை வெச்சுட்டா.”

“அழாதீங்க. கணினி நனையும்” என்றான் கொழுந்தன்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டான். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது: குறுஞ்செய்தி அனுப்புவதற்கான விதிமுறைகள். கீழே கல்லூரி முதல்வரின் கையெழுத்து.

“பீதி கிளப்பும் சொற்கள் கூடாது” என்று வாசித்தான். “உதாரணம்: தீ, ஓடுங்கள், ஐயோ. ஏங்க, தீப்பிடிச்சா என்னன்னு போடுவீங்க?”

“வெப்பநிலை உயர்வு.”

“பாம்பு வந்தா?”

“ஊர்வன வருகை.”

“ஆச்சரியக்குறி கூடாதுன்னு போட்டிருக்கே, அது என்ன பாவம் பண்ணுச்சு?”

“ஒரு தடவை ‘நாளை தேர்வு’ன்னு போட்டு ஆச்சரியக்குறி வெச்சுட்டேன். கல்லூரி சந்தோஷப்படுதுன்னு மாணவர்கள் புகார் குடுத்துட்டாங்க.”

“எனக்கும் காலையில இந்த மெசேஜ் வந்து தூக்கம் போச்சு. நான் இங்கேர்ந்து ஓடிப்போய் எத்தனை வருஷமாச்சு! என்னை ஏன் இன்னும் நீக்கலை?”

“படிப்பை முடிச்சவங்களைத்தான் நீக்கலாம். நீங்க முடிக்கலையே.”

“அப்ப சாகற வரைக்கும் வருமா?”

“செத்தாலும் வரும். இறப்புச் சான்றிதழை அவங்களே நேர்ல கொண்டுவந்து குடுத்தாத்தான் நிறுத்த முடியும்.”

“ஏன் தம்பி, அதான் ‘வேண்டாம்’னு அனுப்பினா நின்னுடும்னு அதுலயே போட்டிருக்கே. அனுப்ப வேண்டியதுதானே?” என்றாள் அண்ணி.

கொழுந்தன் கொஞ்சம் யோசித்தான். “எனக்கு வேற யாரும் மெசேஜ் அனுப்பறதில்லை அண்ணி.”

அண்ணி தன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த அந்தச் செய்தியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கல்லூரி அறிவிப்புன்னு ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சிருக்கு. பீதிச் சொல் இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. கடைசியில ‘வேண்டாம்’ வாசகம் இருக்கணும். இருக்கு. ஒரு விஷமி எழுதியிருந்தா எங்கயாவது ஒரு இடத்துல ரசிச்சிருப்பான். மெசேஜ் மேடம் எழுதியிருந்தா எங்கயாவது பயந்திருப்பாங்க. இதுல ரெண்டும் இல்லை. இவ்ளோ ஒழுங்கா ஒரு மனுஷனால இருக்க முடியாது.”

“என் அண்ணன் இருக்கானே.”

“உங்கண்ணன் ஈரத் துண்டைக் கட்டில்ல போடறவரு. நீ பேசாம இரு.” அண்ணி மேடத்தைப் பார்த்தாள். “ஒரே ஒரு விதிதான் இடிக்குது. வகுப்பு நேரத்துல செய்தி போகக் கூடாது. இது வகுப்பு நேரத்துல போயிருக்கு. எதுக்கு மட்டும் விலக்கு?”

“அபாய எச்சரிக்கைக்கு விலக்கு உண்டு. அப்புறம் அபாய நீக்கத்துக்கு.”

“யார் அனுமதிக்கணும்?”

“எச்சரிக்கைன்னா முதல்வர் அனுமதிக்கணும். நீக்கத்துக்கு யார் அனுமதியும் வேண்டாம். அது தானா போயிடும்.”

அண்ணியின் விரல் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நின்றது.

“தானாவா?”

“முன்னாடி ஒரு தடவை தீயணைப்பு ஒத்திகை வெச்சாங்க. எல்லாரையும் மைதானத்துக்குப் போகச் சொல்லி செய்தி அனுப்பிட்டு, முதல்வர் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டார். உள்ள வரலாம்னு சொல்ல அவர் அனுமதி வேணும். அவர் போனை எடுக்கலை. பொழுது சாயற வரைக்கும் மூவாயிரம் பேர் வெயில்ல நின்னாங்க. பாதிப் பேருக்கு மயக்கம். ரெண்டு பேருக்குக் காதல். அதுக்கப்புறம்தான் இந்த விதி வந்துச்சு. எச்சரிக்கை உள்ள ஏறி ஒரு மணி நேரம் ஆனா, நீக்கம் தன்னால வெளியே போயிடும். ஆனா அதுக்கப்புறம் எச்சரிக்கைன்னு ஒண்ணு வந்ததே இல்லைங்க.”

“உள்ள ஏறின்னா? அனுப்பினதுலேர்ந்து ஒரு மணி நேரமா, எழுதினதுலேர்ந்தா?”

மெசேஜ் மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே நின்றது.

“எழுதினதுலேர்ந்து” என்றார் கடைசியில். “முதல்வர் அஞ்சு நிமிஷத்துல அனுமதிச்சுடுவார்னு நெனச்சு அப்படி வெச்சாங்க.”

“ஆக, இன்னைக்குக் காலையில யாரோ ஒரு எச்சரிக்கையை எழுதியிருக்காங்க. அது முதல்வர்கிட்ட போய் நின்னுருக்கு. வெளியே வரலை. ஒரு மணி நேரம் கழிச்சு அதோட நீக்கம் மட்டும் வந்துடுச்சு.” அண்ணி எழுந்தாள். தலை இடித்தது. பொருட்படுத்தவில்லை. “எழுதினது யாரு?”

“எந்தத் துறையும் எழுதலாம். முதல்வர் அனுமதிச்ச பிறகுதான் என் திரைக்கு வரும். அனுமதிக்காததை நான் பார்க்கக் கூடாது. விதி.”

கொழுந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. “அண்ணி, நீக்கம் பொய்யின்னா, ஆபத்து?”

“நிஜம். எங்கயோ இருக்கு. நீங்கலை.”

மூவரும் படியேறினார்கள்.

அந்தக் கட்டடம் பார்க்கிற நிலையில் இல்லை. முதல் மாடியில் கைப்பிடிச் சுவர் உடைந்த இடத்தில் கயிறு கட்டி, ‘அனுமதிக்குக் காத்திருக்கிறது’ என்று அட்டை தொங்கியது. இரண்டாம் மாடியில் விளக்குகள் எரியவில்லை. அதே அட்டை. கழிவறைக் கதவு கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதிலும் அட்டை. வெளியே ஒருவர் முகம் வெளிறி நின்றிருந்தார்.

“நீங்களும் அனுமதிக்கா?” என்று கேட்டான் கொழுந்தன்.

“கதவுக்கு” என்றார் அவர்.

“இதெல்லாம் யார் அனுமதிக்கணும்?” என்றாள் அண்ணி, ஏறிக்கொண்டே.

“முதல்வர்தான். எல்லா அனுமதியும் குறுஞ்செய்தியிலதான் கேக்கணும், காகிதமே கூடாதுன்னு அவரே விதி போட்டார். கேள்வி அவர் போனுக்குப் போகும். அவர் ஆம், இல்லைன்னு பதில் போடுவார். இந்தப் பருவம் முழுக்க ஒண்ணுக்கும் பதில் போடலை. கோபமா இருக்கார்னு நெனச்சோம்.”

கடைசி மாடியில் கூட்ட அறை. நீள மேஜையின் தலைமாட்டில் முதல்வர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கலைந்த தூக்கத்தின் முகம். அவர் பக்கத்தில் கட்டடங்களுக்குப் பொறுப்பான பேராசிரியர். மாணவர்கள் அவரைச் செங்கல் சார் என்பார்கள். வைத்தது வைத்தபடி இருந்த இடத்தில் இருப்பார். குழுவின் மூன்றாவது உறுப்பினர் காலையில் ஓடியவர், இன்னும் திரும்பவில்லை.

மேஜை நடுவில் ஒரு கண்ணாடி டம்ளர். மேலேயிருந்து ஒரு சொட்டு அதற்குள் விழுந்தது. டொப்.

“ஏசி ஒழுகுது” என்றார் முதல்வர், யாரும் கேட்காமலே. “யாரும்மா நீங்க?”

“அண்ணிங்க சார்” என்றார் மெசேஜ் மேடம்.

“யாருக்கு அண்ணி?”

“எல்லாருக்கும் சார்.”

முதல்வர் அதை ஏற்றுக்கொண்டார். கல்லூரியில் அதைவிடத் தெளிவில்லாத பதவிகள் இருந்தன.

“ஓடாமலே ஒழுகுதே, உழைப்பாளி ஏசி” என்றான் கொழுந்தன், சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. அண்ணி ஏசியைப் பார்த்தாள். பிறகு மேற்கூரையைப் பார்த்தாள்.

“சார், இன்னைக்குக் காலையில அபாய எச்சரிக்கை ஒண்ணு உங்க அனுமதிக்கு வந்திருக்கணும்.”

“வரலை. வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல அனுமதிச்சிருப்பேன். போன் எப்பவும் என் கையிலதான்.” தூக்கிக் காட்டினார். “அந்த அம்மா அனுப்பின பொய்ச் செய்திக்கு இப்படி ஒரு கதை கட்டறீங்க.”

டொப். செங்கல் சார் டம்ளரை எடுத்து மூலையிலிருந்த செடித் தொட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

“சரி சார். ஆபத்து நீங்கியதுன்னு வந்துச்சே, அதைப் படிச்சதும் நீங்க என்ன பண்ணீங்க?”

“படிக்கலை. சத்தம் கேட்டு ஜன்னல்ல பார்த்தேன். எல்லாரும் ஓடறாங்க. விளையாட்டு தினம்னு நெனச்சேன். கைதட்டினேன்.”

“ஏன் படிக்கலை?”

“வந்தாத்தானேம்மா படிக்க.”

கொழுந்தன் மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

“தோட்டக்காரருக்கு வந்திருக்கு. பாதியில ஓடிப்போன எனக்கு வந்திருக்கு. செத்தவங்களுக்குக்கூடப் போயிருக்கும் போல. காலேஜை நடத்தறவருக்கு மட்டும் வரலை.”

“சார், கல்லூரிச் செய்திக்கு எப்பவாவது ‘வேண்டாம்’னு பதில் அனுப்பினீங்களா?” என்றாள் அண்ணி.

முதல்வர் டம்ளரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அண்ணியைப் பார்த்தார்.

“பருவம் ஆரம்பிச்சப்ப ஆய்வுக் குழு வந்திருந்துச்சு. அவங்க முன்னாடி நான் பேசிட்டிருக்கேன், டிங் டிங்னு வந்துட்டே இருக்கு. மகளிர் விடுதியில சுடுதண்ணி வராதாம். எனக்கு எதுக்கு அது? அனுப்பினேன். அது ஒவ்வொருத்தரோட உரிமை. அந்த உரிமையைக் குடுத்ததே நான்தான்.”

“அனுமதி கேக்கற செய்தியும் அதே எண்ணுலேர்ந்துதான் சார் வரும்” என்றார் மெசேஜ் மேடம், தரையைப் பார்த்து.

டொப். டொப்.

“அதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“வேண்டாம்னு போடற எல்லாருக்கும் அதைச் சொல்லி மெசேஜ் தானா போகும் சார்.”

கொழுந்தன் சிரிப்பை இருமலாக மாற்றினான். பாதியில் அது மறுபடி சிரிப்பானது.

“இப்ப ‘வேண்டும்’னு அனுப்புங்க சார். நின்னதெல்லாம் வந்துடும்” என்றாள் அண்ணி. “சீக்கிரம்.”

முதல்வர் அனுப்பினார். கைப்பேசி ஒரு நொடி யோசித்தது. பிறகு டிங் என்றது. டிங். டிங். ஒரு பருவத்து அனுமதிகள், பழையது முதலில், ஒவ்வொன்றாக வந்து இறங்கின.

“வாசிங்க.”

“‘முதல் மாடிக் கைப்பிடிச் சுவரைக் கட்ட அனுமதி?’” டிங். “‘இரண்டாம் மாடி விளக்குகள் மாற்ற அனுமதி?’” டிங். “‘விடுதி வாசலில் உள்ள தேனீக் கூட்டை அகற்ற அனுமதி?’ ஓ, அதான் விடுதிக் காப்பாளர் முகம் அப்படி வீங்கியிருந்துச்சா? நான் குண்டாயிட்டார்னு நெனச்சு வாழ்த்திட்டேனே.” டிங். “‘கழிவறைக் கதவு.’” டிங். “‘கழிவறைக் கதவு, அவசரம்.’” டிங். “‘தயவுசெய்து கதவு.’”

சொட்டுகள் இப்போது இடைவெளி இல்லாமல் விழுந்தன. செங்கல் சார் டம்ளரை நகர்த்திவிட்டு ஒரு பெரிய ஜாடியை வைத்தார். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

“கடைசிக்குப் போங்க சார்.”

“வரிசையா பார்க்கறதுதான் முறை.”

“சார்!”

முதல்வர் விரலால் தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார். நின்றார். இந்த முறை அவர் குரல் வேறாக இருந்தது.

“‘அபாய எச்சரிக்கை: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம் விரிசல் விட்டுள்ளது. கீழே உள்ள கூட்ட அறையை உடனே காலி செய்யவும். கட்டடப் பொறுப்பாளர். அனுமதி: ஆம், இல்லை?’”

ஜாடியில் தண்ணீர் நூலாக இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான்கு தலைகளும் செங்கல் சாரை நோக்கித் திரும்பின.

“கட்டடப் பொறுப்பாளர் நீங்கதானே?” என்றாள் அண்ணி.

“ஆமா.”

“தொட்டியை நீங்களே பார்த்தீங்களா?”

“காலையில ஏறிப் பார்த்தேன். விரிசலுக்குள்ள என் கை போச்சு. உடனே எச்சரிக்கை எழுதிட்டேன்.”

“அப்புறம் எதுக்குய்யா அதுக்கு நேர் கீழே வந்து உக்காந்திருக்கீங்க?” கொழுந்தன் நாற்காலியிலிருந்து துள்ளினான்.

“ஒரு மணி நேரத்துல ஆபத்து நீங்கியதுன்னு வந்துச்சே.” செங்கல் சாருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “கல்லூரி அறிவிப்பு. யாரோ சரி பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“யாரு சரி பண்ணியிருப்பாங்க?”

“அதான் எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. இங்க நான்தான் சரி பண்ணணும்.”

“வாயைத் திறந்து ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“அனுமதிக்காத எச்சரிக்கையை வாயால பரப்பக் கூடாது. விதி இருக்கும்மா.”

மேலே எதுவோ நகர்ந்தது. பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி. மேற்கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொடி மேஜையில் கொட்டியது.

“எந்திரிங்க எல்லாரும்” என்றாள் அண்ணி.

“ஒரு நிமிஷம்.” முதல்வர் கையைத் தூக்கினார். கண் கைப்பேசியில். “இதுல ‘உடனே’ன்னு இருக்கு. பீதி கிளப்பற சொல். ‘இயன்ற விரைவில்’னு திருத்தினாத்தான் நான் ஆம் போட முடியும்.”

“அனுமதி வந்ததும் சொல்லுங்க சார், எந்திரிச்சுடறேன்” என்றார் செங்கல் சார்.

“சார், தொட்டி உங்க திருத்தத்துக்குக் காத்திருக்குமான்னு மேல போய்க் கேட்டுட்டு வரவா?” என்றான் கொழுந்தன். அண்ணி அதற்குள் செங்கல் சாரின் நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஆள் நகரவில்லை.

அப்போதுதான் மெசேஜ் மேடம் நிமிர்ந்தார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு விதியையும் மீறியதில்லை. தீயை வெப்பநிலை என்றும் பாம்பை ஊர்வன என்றும் எழுதி எழுதியே அவர் காலம் போயிருந்தது. விதி போட்டவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். வேலையும் மகளின் இடமும் அந்த ஆளின் கையில் இருந்தன. மேடம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“ஐயோ! ஓடுங்க!”

இரண்டு தடைசெய்யப்பட்ட சொற்கள், இரண்டு ஆச்சரியக்குறிகள். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை. முதல்வர் ஓடினார். எதற்கும் அசையாத செங்கல் சார் முதல்வரை முந்தி ஓடினார். கொழுந்தன் அண்ணியின் கையையும் அண்ணி மேடத்தின் கையையும் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிய அந்த நேரத்தில், பின்னால் மேற்கூரை இறங்கியது. மேற்கூரையோடு தொட்டி இறங்கியது. தொட்டியோடு கல்லூரியின் ஒரு நாள் தண்ணீர் முழுவதும் இறங்கி, வராந்தாவில் அவர்களைப் பிடித்து, படிகள் வழியாகத் தரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. கழிவறை வாசலில் நின்றிருந்தவர் தன் கதவு மிதந்து போவதைப் பார்த்தார்.

புல்வெளியில் ஐந்து பேரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். மேலே, கூட்ட அறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

சுற்றிலும் கைப்பேசிகள் சிணுங்கின. ஓடிய ஓட்டத்தில் முதல்வரின் கட்டைவிரல் ‘ஆம்’ மேல் பட்டிருந்தது. கொழுந்தன் ஈரப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துப் பார்த்தான். கூட்ட அறையை உடனே காலி செய்யவும். புல்வெளியில் உட்கார்ந்திருந்த மாணவர்களும் படித்தார்கள். கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஒருவன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஆக, செய்தியை அனுப்பினது இவங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு” என்றாள் அண்ணி.

“அதெப்படி?” முதல்வர் காதிலிருந்த தண்ணீரைத் தட்டி வெளியேற்றினார். “இயந்திரம் அனுப்பியிருந்தாலும் இயந்திரத்துக்குப் பொறுப்பு இவங்கதான். போதாததுக்கு இப்ப என் கண் முன்னாடியே விதியை மீறிக் கத்தியிருக்காங்க. விசாரணை நடந்தே ஆகணும்.”

மெசேஜ் மேடம் தலையாட்டினார். உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி எதிர்பார்க்கிற இடத்தில் அவர் வேலை பார்த்ததில்லை.

அண்ணி ஈரக் கூந்தலைப் பிழிந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டாள். “விசாரணை எங்க சார் நடக்கணும்?”

“கூட்ட அறையில. வேற எங்கயும் நடத்தக் கூடாது.” சொன்ன பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். “அறையைத் திரும்பக் கட்டினதும் நடத்திக்கலாம்.”

“அதுவரைக்கும் இவங்க?”

“விசாரணை முடியாம யாரையும் நீக்க விதியில இடமில்லை. வேலையில இருப்பாங்க.”

“இப்பவே கட்டறதுக்கு அனுமதி கேட்டு மெசேஜ் போட்டுடறேன் சார்” என்றார் செங்கல் சார், ஆர்வமாக.

மேடத்தின் முகம் வாடியது. அனுமதி போகும். முதல்வர் இப்போது செய்திகளைப் பார்க்கிறவர். ஆம் என்பார். சுவர் எழும்பும், மேஜை வரும், மேஜைக்குப் பின்னால் இதே முகம் வந்து உட்காரும்.

டிங்.

முதல்வர் ஈரக் கைப்பேசியைப் பார்த்தார். எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் அது சாகவில்லை. பதில் போடாத அனுமதிகளை மறுபடி முதலிலிருந்து நினைவூட்ட ஆரம்பித்தது. டிங். சுடுதண்ணி. டிங். கதவு. டிங். தேனீ. டிங். டிங். டிங். அவர் நெற்றி நரம்பு ஒவ்வொரு டிங்குக்கும் துடித்தது.

“சே! மனுஷனை நிம்மதியா நனைய விட மாட்டாங்க.”

கட்டைவிரல் வேகமாக நகர்ந்தது. ஒரே ஒரு சொல். அனுப்பினார். சத்தம் நின்றது. செங்கல் சார் அப்போதுதான் தன் செய்தியை எழுத ஆரம்பித்திருந்தார்.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். “அண்ணி, வழக்கு முடிஞ்சுதா?”

“முடியவே முடியாது. வா, போகலாம்.”

மெசேஜ் மேடம் முதல்வரின் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அந்தச் சொல்லை அவர் பார்த்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைப்பேசியை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும், “ஆபத்து நீங்கிடுச்சுடி” என்றார். மகள் ஏதோ கத்தினாள். “இல்லடி, ஓடாத. இந்தத் தடவை நான்தான் சொல்றேன்.”

பிறகு மாடிப்படிக்குக் கீழே இருந்த தன் அறையைத் துடைக்கப் போனார்.